மீட்டரும் பேனலும்: ஒரே பெட்டியிலா, தனித்தனியாகவா?

மழை பெய்தால் வீட்டு விளக்குகள் மினுக்குகின்றன என்று மின் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். வந்த லைன்மேன் மீட்டர் பெட்டியைப் பூட்டியிருந்த முத்திரையை (சீல்) வெட்டி, மீட்டரைப் பிடுங்கிக் காட்டினார். மீட்டரின் கால்கள் செருகும் நான்கு கவ்விகளில் ஒன்று கரிந்து, அதன் பக்கத்துப் பிளாஸ்டிக் கொப்புளம் கட்டியிருந்தது. "மீட்டர் எங்களுடையது, அது நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டி உங்களுடையது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்" என்றார். சீல் அவர்களுடையது, திறக்கக் கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டியதும் அவர்கள்தான். உள்ளே கரிந்தால் மட்டும் அது என் கணக்கு.

அமெரிக்காவில் பெரும்பாலான மின் நிறுவனங்களின் ஏற்பாடு இதுதான். கம்பத்திலிருந்து தொங்கி வரும் கம்பியும் மீட்டரும் அவர்களுடையவை. சுவரை ஒட்டி நிற்கும் குழாய், அதன் தலையில் உள்ள தொப்பி, உள்ளே இறங்கும் கம்பி, மீட்டர் பெட்டி, அதற்கு அப்பால் உள்ள அத்தனையும் வீட்டுக்காரர் பொறுப்பு. பூமிக்கடியில் சப்ளை வரும் வீடுகளில் இந்த எல்லைக்கோடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனக்கு மேல்வழிக் கம்பி என்பதால் நான் சொல்வதெல்லாம் அந்த அனுபவம்தான்.

பெட்டியை எப்படியும் மாற்றியாக வேண்டும். அந்தச் சாக்கில் வீட்டின் 100 ஆம்பியர் சப்ளையையும் 200 ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். எலக்ட்ரீஷியன் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மீட்டர், மெயின் பிரேக்கர் (சுமை கூடினால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), வீட்டின் எல்லா பிரேக்கர்களும் வெளிச்சுவரில் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ. இன்னொன்று, வெளியே மீட்டர் பெட்டி, பக்கத்தில் தனியாக ஒரு மெயின் சுவிட்ச், பிரேக்கர் பேனல் வீட்டுக்குள். நான் இரண்டாவதை எடுத்தேன், இன்றும் அதன் பக்கம்தான்.

காம்போவின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே பெட்டி, ஒரே நாள் வேலை, உள்ளே இடம் மிச்சம். புதிதாகக் கட்டும் வீடென்றால் நானும் யோசித்திருப்பேன். பழைய வீட்டில் விஷயம் வேறு. உள்ளே பேனலுக்கு வந்து சேரும் ஒவ்வொரு ஒயரையும் வெளிச்சுவர் வரை நீட்ட வேண்டும். அப்புறம் வெயில். சாதாரண பிரேக்கர்கள் 40 டிகிரி செல்சியஸ் சூழலைக் கணக்கில் வைத்து அளவிடப்பட்டவை. மேற்குச் சுவரில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் மாலை நான்கு மணிக்கு அதைவிடச் சூடேறும், பிரேக்கரும் சீக்கிரம் விழும். மழை கொட்டும் இரவில் விழுந்தால் டார்ச்சோடு வெளியே போக வேண்டும். இதெல்லாம் தெரிந்த கதைதான்.

இடைவெளியில் யாருக்குச் சாதகம்? உண்மையைச் சொன்னால் காம்போவுக்குத்தான். தேசிய மின்விதித் தொகுப்பின் 110.26 பிரிவுப்படி, வீட்டு மின்னழுத்தத்துக்குப் பெட்டியின் முன்னால் 36 அங்குல ஆழம், 30 அங்குல அகலம் அல்லது பெட்டியின் அகலம் (எது அதிகமோ அது), தரையிலிருந்து 6.5 அடி உயரம் காலியாக இருக்க வேண்டும். கதவு 90 டிகிரி திறக்க வேண்டும். அந்த இடத்தில் சாமான் போட்டு வைக்கக் கூடாது. காம்போ என்றால் இப்படி ஓர் இடத்தைக் காத்தால் போதும். தனித்தனி என்றால் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று.

எங்கள் வீட்டில் ஏசியின் வெளிப்பெட்டி, மெயின் சுவிட்ச் வரவேண்டிய சுவருக்கு நேர் எதிரே 28 அங்குலத்தில் உட்கார்ந்திருந்தது. டேப் வைத்து மூன்று முறை அளந்தேன், 28 தான். ஒரு சின்ன சலுகை உண்டு: 30 அங்குல அகலத்தைப் பெட்டியை நடுவில் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பதில்லை, ஒரு விளிம்பிலிருந்தும் அளக்கலாம். சுவிட்சைச் சற்று இடப்பக்கம் தள்ளி, வலது விளிம்பிலிருந்து இடப்புறமாக அளந்ததும் ஏசி கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது. மீட்டரின் உயரமும் அதன் முன்னிடமும் வேறு கணக்கு. அதை மின் நிறுவனத்தின் கையேடு சொல்லும், விதித்தொகுப்பு சொல்லாது. வேலையைச் சோதிக்க வரும் உள்ளூர் நிர்வாகத்தின் இன்ஸ்பெக்டர் சரி என்றாலும் நிறுவனம் இல்லை எனலாம். இருவரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: நாளைக்கு ஏதாவது கெட்டால் யாரை அழைக்க வேண்டும்? காம்போவில் பிரேக்கர்கள் பிடித்து நிற்கும் உலோகப் பட்டை (பஸ்பார்) கரிந்துவிட்டது என்று வையுங்கள். பெரும்பாலும் முழுப் பெட்டியும் போகும், மீட்டர் கவ்விகளோடு சேர்த்து. மெயின் பிரேக்கரை மட்டும் மாற்றுவதென்றாலும், அதன் மேற்பக்கத்தில் மீட்டர் வழியாக வரும் கரண்ட் எப்போதும் இருக்கும். அதை நிறுத்த மீட்டரைக் கழற்ற வேண்டும். மீட்டரைத் தொடும் உரிமை நமக்கில்லை. ஆக, நம் பொருள் கெட்டதற்கு நிறுவனத்திடம் தேதி வாங்கி, பெர்மிட் எடுத்து, இன்ஸ்பெக்டர் பார்த்து, மறுபடி நிறுவனம் வந்து இணைக்கும் வரை வீடு இருட்டு.

தனித்தனியாக இருந்தால் சங்கிலி உடைகிறது. வெளியே மெயின் சுவிட்சை அணைத்தால் உள்பேனல் முழுவதும் செத்துவிடும். பேனலையே மாற்றினாலும் பெர்மிட் வேண்டுமே தவிர, நிறுவனத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மீட்டர் பெட்டியோ அந்த வெளிச் சுவிட்சோ கெட்டால் அப்போதும் நிறுவனம் வந்தாக வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்போது மாற்றுவது அந்த ஒரு சின்னப் பெட்டியை மட்டும்.

வெளிச் சுவிட்ச் கூடுதல் செலவு என்று நினைப்பவர்களுக்கு: அதே விதித்தொகுப்பின் 2020 பதிப்பிலிருந்து 230.85 பிரிவு, ஒரு குடும்பம் அல்லது இரு குடும்ப வீடுகளுக்கு வெளியே எளிதில் எட்டும் அவசர மின்துண்டிப்புச் சுவிட்ச் வேண்டும் என்கிறது. தீயணைப்பு வீரர்கள் எரியும் வீட்டுக்குள் போய்ப் பேனலைத் தேடக்கூடாது என்பதுதான் நோக்கம். மாநிலத்துக்கு மாநிலம் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்பது மாறும். அந்தப் பதிப்பு வந்த ஊர்களில் எப்படியும் வைக்கத்தான் வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிச் சுவிட்ச் முதல் மெயின் ஆகிவிட்டால், நியூட்ரலும் கிரவுண்டும் (எர்த்) அங்கே மட்டும்தான் சேர வேண்டும். உள்பேனலில் இரண்டையும் பிரித்து, மூன்று கம்பிக்குப் பதில் நான்கு கம்பி இழுக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் கேபிள்தான் பையை அதிகம் கடித்தது. அதைத் தவிர்க்க, "அவசரத் துண்டிப்பு, சர்வீஸ் உபகரணம் அல்ல" (அதாவது இது முதல் மெயின் அல்ல) என்ற அடையாளத்தோடு சுவிட்ச் வைத்து, பழைய மூன்று கம்பியையே விட்டுவைக்க விதி இடம் தருகிறது. எங்கள் பழைய கேபிள் 200 ஆம்பியருக்குப் போதாது என்பதால் அந்த வழி அடைபட்டது.

நடுவழியாக, மீட்டரும் ஒரே ஒரு மெயின் பிரேக்கரும் மட்டும் உள்ள பெட்டியும் கிடைக்கிறது. பேனல் உள்ளேயே இருக்கும். சுவரில் இடம் குறைவென்றால் மோசமில்லை. சோலார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு எப்படி மாறும் என்று நான் பார்த்ததில்லை, அதனால் அதில் வாய் திறக்கவில்லை.

உள்பேனல் இருப்பது துணி துவைக்கும் அறையில். அதன் முன் தரையில் 30-க்கு 36 அங்குலம் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். அழுக்குத் துணிக் கூடை வாரத்துக்கு ஒருமுறையாவது சரியாக அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.