பின் ஆக்ஸில் புஷ்: ரப்பரா பாலியா, வீட்டிலா பட்டறையிலா?

வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஷாக் அப்சார்பர் மாற்றியும் போகவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆக்ஸில் புஷ்தான், பின் ஆக்ஸில் பாடியோடு சேரும் இடத்தில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் சின்ன உருளை. ஸ்விஃப்ட் மாதிரி டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புச் சட்டம், உள்ள வண்டிகளில் பீமின் முன்முனையில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, அவ்வளவுதான். லீஃப் ஸ்பிரிங் வண்டிகள் கதை வேறு, அதை இங்கே விட்டுவிடலாம்.

முதலில் ரப்பர். வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். சக்கரம் ஏறி இறங்கும்போது அங்கே எதுவும் உராய்வதில்லை, ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது, அதனால் கிரீஸும் வேண்டாம், சத்தமும் இல்லை. பாலி என்பது பாலியூரித்தேன், ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக் மாதிரிப் பொருள். இதில் உள் குழாய் சுழல வேண்டும். அதற்கு சிலிக்கான் கிரீஸ் வேண்டும், அது காய்ந்தால் கீச் கீச். ஹைவேயிலேயே ஓடும் வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் நம் காவிரி டெல்டா பக்கம் நடவு சீசனில் கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து ஏறி ரோட்டையும் கீறி சேற்றையும் கொட்டிவிட்டுப் போகும், வாய்க்கால் கரை ரோட்டில் அந்தச் சேறெல்லாம் புஷ்ஷுக்குள் போனால் கிரீஸ் எத்தனை நாள் தாங்கும்?

பாலிக்கும் நல்ல பக்கம் உண்டு. எண்ணெய் பட்டால் ரப்பர் மாதிரி ஊறிப்போகாது, பெரும்பாலும் இரண்டு துண்டாக வருவதால் ஏற்றுவது சுலபம், வளைவில் வண்டி விறைப்பாக நிற்கும். ஆனால் டார்ஷன் பீம் ரப்பர் புஷ் பலவற்றில் வேண்டுமென்றே ரப்பருக்கு நடுவே காலி இடம் விட்டிருப்பார்கள், ஒரு திசையில் இளக்கம், இன்னொரு திசையில் இறுக்கம் என்று. கெட்டியான பாலியில் அந்தக் கணக்கு போய்விடும், அதிர்வு நேரே பாடிக்கு ஏறும். என் ஓட்டு கம்பெனி ரப்பருக்குத்தான். மலிவான மார்க்கெட் ரப்பரும் வேண்டாம், எதைப் போட்டாலும் கழற்றி மாட்டும் உழைப்பு ஒன்றுதானே.

சரி, எங்கே மாற்றுவது? பட்டறை பிரஸ்ஸில் புஷ்ஷை அழுத்தி எடுப்பது சில நிமிட வேலை, ஆனால் அதற்கு பீமையே இறக்கிக் கொண்டுபோக வேண்டும்: பிரேக் லைன் கழற்றி, ஹேண்ட்பிரேக் கேபிள் விடுவித்து, அப்புறம் பிரேக்கில் காற்று எடுத்து. வீட்டில் என்றால் முன் போல்ட்டை மட்டும் எடுத்து பீமின் முன்முனையைத் தாழ்த்தி, கெட்டியான மரை ராடு, பெரிய வாஷர், புஷ்ஷைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு குழாய்த்துண்டு வைத்து நட்டை முறுக்கி இழுத்துவிடலாம். தாழ்த்தும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் முதலிலேயே கிளிப்பை விடுவித்துவிடுங்கள். சிலர் ரப்பரைக் கொளுத்தி எடுக்கிறார்கள், பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

வண்டல் மண் வாசலில் ஜாக்கி சத்தமில்லாமல் இறங்கும். சிமென்ட் தரை இல்லையென்றால் தடிமனான பலகை போட்டு, பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

புது புஷ்ஷை ஏற்றும்போது பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசை, அதனால் கழற்றும் முன்பே ஆர்மில், அதாவது புஷ் உட்காரும் பீமின் முன்கையில், கோடு போட்டுக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் தடவலாம், சாதா கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். ரப்பர் புஷ் என்றால் போல்ட்டின் கடைசி முறுக்கை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும். பட்டறையில் கொடுத்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள், அவசரத்தில் லிஃப்டிலேயே முறுக்கிவிடுவார்கள்.

தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் வண்டிகளுக்கு வீட்டு வேலையே போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்பளப் பக்கம் ஓடிய வண்டி என்றால் நேராகப் பட்டறைக்கு விடுங்கள். அங்கே வெளிக்குழாய் துருவேறி ஆர்மோடு ஒட்டியிருக்கும், மரை ராடு மழுங்கும், புஷ் அசையாது. புது போல்ட்டும் கையோடு வாங்கிக்கொடுங்கள், பழையது உள் குழாயில் இறுகிப்போயிருந்தால் அறுத்துத்தான் எடுப்பார்கள்.