கனமான கை கிரிப்பர்: ஒரே ஸ்பிரிங்கா, மாற்றும் ஸ்பிரிங்கா, எடைத்தட்டா?

இரண்டு கைப்பிடிகளை ஒரு ஸ்பிரிங் இணைத்திருக்க, அவை ஒன்றையொன்று தொடும்வரை ஒரு கையால் அழுத்தி மூடும் கருவிதான் கை கிரிப்பர். கனமான ஒன்றை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான். 150 பவுண்டு, 200 பவுண்டு, 300 பவுண்டு. நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறொன்றை. இதை மூடிவிட்டால் அடுத்தது எது, அது எவ்வளவு தள்ளி இருக்கிறது? பார்பெல் தூக்குகிறவர் இருபுறமும் ஒன்றேகால் கிலோ தட்டைச் சேர்த்துக்கொண்டே பல மாதம் முன்னேறலாம். வழக்கமான கிரிப்பரில் அப்படிச் சேர்க்க வழியில்லை. கையில் இருப்பது ஒரே ஒரு ஸ்பிரிங், அதற்கு ஒரே ஒரு கடினம். அதனால் படிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் உங்கள் முன்னேற்றத்தைத் தீர்மானிக்கும். கீழே வருகிற எல்லா வகையையும் அந்தக் கணக்கில்தான் எடைபோட்டிருக்கிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம், ஏனென்றால் ஏமாற்றம் தொடங்குவதே அங்கேதான். கிரிப்பரில் எழுதியிருக்கும் பவுண்டுக் கணக்குக்கு எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்ட பொது அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளந்து எழுதுகிறது. ஆகவே ஒரு நிறுவனத்தின் 200-ம் இன்னொன்றின் 200-ம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில் இரண்டு வாங்கினாலும் ஒன்று சற்று லேசாகவும் மற்றது கடினமாகவும் இருக்கும். கிரிப்பரில் இருப்பது முறுக்கு ஸ்பிரிங், அதன் விறைப்பு ஸ்பிரிங் கம்பியின் விட்டத்தினுடைய நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதாவது கம்பி 1 சதவீதம் தடித்தால் விறைப்பு ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். ஸ்பிரிங் கைப்பிடிக்குள் எவ்வளவு ஆழம் செருகப்பட்டிருக்கிறது, கைப்பிடிகள் எவ்வளவு விரிந்து நிற்கின்றன என்பவையும் சேர்ந்துகொள்ளும்.

இதற்காகவே பிடிவலு ஆர்வலர்கள் தாங்களே அளக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு கைப்பிடியை வைஸில் (பட்டறை இடுக்கியில்) இறுக்கி, மற்றதன் நுனியில் பட்டை மாட்டி எடையைத் தொங்கவிடுவார்கள். இரண்டு கைப்பிடிகளும் தொட்டுக்கொள்ளும்போது தொங்கும் எடைதான் அந்தக் கிரிப்பரின் அளவு. 280 பவுண்டு என்று எழுதியிருக்கும் கிரிப்பர் இந்த அளவையில் சுமார் 150 பவுண்டுதான் காட்டும். நிறுவனம் பொய் சொல்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. நுனியில் தொங்கும் எடைக்கு நெம்புகோல் நீளம் அதிகம், விரல்கள் அழுத்துவதோ அதற்கு மேலே. எனவே 300 பவுண்டு கிரிப்பரை மூடியவர் 300 பவுண்டு எடையைக் கையில் நசுக்குவதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. ஒரே வரிசைக்குள் எது எளிது, எது கடினம் என்று சொல்ல மட்டும் அந்த எண் உதவும்.

சரி, இப்போது வகைகள்.

ஒரே ஸ்பிரிங் கொண்ட உலோகக் கிரிப்பர்களில் எல்லோரும் அளவுகோலாக எடுத்துக்கொள்வது அயர்ன்மைண்ட் நிறுவனத்தின் கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் வரிசை. அலுமினியக் கைப்பிடி, அதில் சொரசொரப்பான வெட்டு, நடுவே எஃகு ஸ்பிரிங். கைடு (60 பவுண்டு), ஸ்போர்ட் (80), டிரெய்னர் (100) என்று தொடங்கி அரை எண் 120, 1-ஆம் எண் 140, ஒன்றரை 167.5, 2-ஆம் எண் 195, இரண்டரை 237.5, 3-ஆம் எண் 280, மூன்றரை 322.5, 4-ஆம் எண் 365 என மொத்தம் 11 படிகள். கீழே 20 பவுண்டு இடைவெளி, நடுவில் 27.5, மேலே போகப் போக 42.5. தொடங்குகிறவருக்கு இது நல்ல ஏணி. 2-ஆம் எண்ணைத் தாண்டியவுடன் படிகள் அகன்றுவிடுகின்றன, பெரும்பாலோர் நீண்டகாலம் தேங்குவதும் அங்கேதான்.

இந்த வரிசைக்கு இன்னொரு பலம் உண்டு. 3-ஆம் எண்ணையும் அதற்கு மேலானவற்றையும் விதிப்படி மூடிக் காட்டினால் அந்த நிறுவனமே சான்று தருகிறது. 3-ஆம் எண்ணுக்கு முதல் சான்று 1991-இல் ரிச்சர்ட் சோரினுக்குக் கிடைத்தது. 4-ஆம் எண்ணை முதலில் மூடியவர் ஜோ கின்னி, 1998-இல். அவருக்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே அது வாய்த்திருக்கிறது, அவர்களில் உலகின் பலசாலி பட்டம் வென்ற மாக்னுஸ் சாமுவேல்சனும் ஒருவர். மூடத் தொடங்கும்போது கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு கிரெடிட் கார்டின் அகலமாவது, அதாவது சுமார் 54 மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும் என்ற விதியை நான் மிகவும் மதிக்கிறேன். மற்றொரு கையால் பாதி மூடிக்கொடுத்துவிட்டு மீதியை அழுத்துவதையும் விரிந்த நிலையிலிருந்து மூடுவதையும் ஒரே சாதனையாகப் பேச முடியாமல் செய்தது இதுதான்.

அடுத்து ஹெவி கிரிப்ஸ். தோற்றத்தில் ஏறக்குறைய அதே மாதிரிதான். 100, 150, 200, 250, 300, 350 என்று 50 பவுண்டு இடைவெளியில் ஆறு படிகள். முழுத் தொகுப்பாக வாங்கினால் நிறைவாகத் தெரியும். ஆனால் 150-ஐ பத்து முறை மூடுகிறவர் 200-இல் கைப்பிடிகளை ஒரு விரல் இடைவெளி வரைகூடக் கொண்டுவர முடியாமல் நிற்பது சாதாரணம். பயிற்சிக்கு இதை நான் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு நிறுவனங்களின் கிரிப்பர்களைக் கலந்து வைத்துக்கொள்ளலாம். ஒன்றின் பெரிய இடைவெளிக்குள் மற்றதன் படி வந்து உட்கார வாய்ப்பு உண்டு. கலப்பதாக இருந்தால் எண்ணை நம்பாமல் கையால் மூடிப் பார்த்து வரிசைப்படுத்துங்கள்.

இடைவெளிப் பிரச்சினைக்கு நேரான விடை மாற்றிக்கொள்ளும் கிரிப்பர். இதில் இரண்டு தனி இனங்கள் உள்ளன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, திருகு வைத்த பிளாஸ்டிக் கிரிப்பர். 5 முதல் 60 கிலோ வரை என்று போட்டிருப்பார்கள். காயத்திலிருந்து மீள்கிறவருக்கும், இதுவரை கைக்கு எந்தப் பயிற்சியும் தராதவருக்கும் இது போதும். ஆனால் இதன் உச்சம் சீக்கிரம் வந்துவிடும், கைப்பிடி நகரும் தூரமும் குறைவு. கனமான பயிற்சி என்ற கணக்கில் இதைச் சேர்க்க முடியாது.

இன்னொன்று இவாங்கோ சூப்பர் கிரிப்பர் போன்ற உலோகச் சட்டம். இரண்டு ஸ்பிரிங்குகளை வெவ்வேறு படிகளில் மாட்டி, மிக லேசிலிருந்து மிகக் கடினம் வரை ஏகப்பட்ட நிலைகளை உண்டாக்கலாம். முன்னேற்றம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரே ஒரு கருவி வாங்கச் சொன்னால் இந்த இனத்தைத்தான் காட்டுவேன். கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ்ஷில் 2-க்கும் இரண்டரைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒருவர் இதில் வாரத்துக்கு ஒரு சிறு படி ஏறலாம். இதற்கும் ஒரு குறை உண்டு. கையில் உட்காரும் விதமே வேறு, எனவே இதில் பெற்ற வலு அப்படியே வழக்கமான கிரிப்பருக்கு மாறாது. சான்று வாங்குவது இலக்கு என்றால் அந்தக் கிரிப்பரையே தொட்டுப் பழகியாக வேண்டும்.

எடைத்தட்டு ஏற்றும் பிடிக்கருவி மூன்றாவது. இதில் ஸ்பிரிங் கிடையாது. இரண்டு கம்பிகளை விரலால் சேர்த்தால் நெம்புகோலில் மாட்டிய தட்டுகள் மேலே எழும். அரை கிலோ தட்டு இருந்தால் அரை கிலோ கூட்டலாம், இவ்வளவு நுணுக்கமான படி வேறு எதிலும் இல்லை. ஆனால் சுமையின் இயல்பு மாறிவிடுகிறது. ஸ்பிரிங் மூட மூடக் கடினமாகும், கடைசி சில மில்லிமீட்டரில்தான் முழு எதிர்ப்பும் வரும். விரல்கள் முழுதாக மடங்கிவிட்ட அந்த இடத்தில் தசை மிகவும் குறுகியிருப்பதால் அதன் பலமும் குறைவு. எடைத்தட்டிலோ சுமை தொடக்கம் முதல் முடிவு வரை பெரிதாக மாறாது. பொதுவான விரல் பலத்துக்கும் முன்கை பெருக்கவும் எடைத்தட்டு மேல். கிரிப்பரை மூடும் திறமைக்கு அந்தக் கடைசி மில்லிமீட்டர்களில் போராடிய அனுபவம் வேண்டும், அதைக் கிரிப்பர்தான் தரும். இது பெரிய கருவி என்பதையும் மறக்க வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.

இந்த மூன்றிலும் கிடைக்காத ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த அலசல் நேர்மையாக இருக்காது. கிரிப்பரில் கட்டைவிரலுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. ஒரு கைப்பிடி கட்டைவிரலின் அடிமேட்டில் சாய்ந்திருக்கும், நான்கு விரல்கள்தான் மற்றதை இழுக்கும். பலமான கிரிப்பரை மூடுகிறவர் இரண்டு வழவழப்பான எடைத்தட்டுகளைச் சேர்த்துக் கிள்ளித் தூக்கத் திணறலாம். கட்டைவிரலுக்கு அந்தக் கிள்ளிப் பிடித்தலும் தடித்த கம்பியும்தான் மருந்து. பலசாலிகள் வரலாற்றில் பேர்பெற்ற தாமஸ் இன்ச் டம்பெல் 172 பவுண்டு, சுமார் 78 கிலோ. அந்த எடையைத் தரையிலிருந்து தூக்கும் முதுகும் காலும் பலருக்கு உண்டு. கைப்பிடி 6 சென்டிமீட்டர் தடிமன் என்பதால் விரல்கள் சுற்றி வளைக்க முடியாமல் திறந்துகொள்கின்றன. டெட்லிஃப்ட்டில், அதாவது தரையிலிருந்து பார்பெல்லைத் தூக்கும்போது, கம்பி கையைவிட்டு நழுவுகிறது என்பதுதான் உங்கள் குறையென்றால் கிரிப்பருக்குச் செலவழிக்காதீர்கள். கம்பியில் தொங்குங்கள், பிடித்த எடையைக் கடைசி ரெப்பில் (கடைசி முறை தூக்கும்போது) கீழே வைக்காமல் நிறுத்திப் பழகுங்கள். அசையாமல் பிடித்திருக்கும் பலமும் நசுக்கும் பலமும் உறவுதான், ஆனால் ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

கிரிப்பர் விற்பவர்கள் பிடிவலு கூடினால் ஆயுள் கூடும் என்று ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். 2015-இல் லான்செட் இதழில் வந்தது அது, 17 நாடுகளில் ஏறக்குறைய 1.4 லட்சம் பேரை வைத்துச் செய்தது. பிடிவலு 5 கிலோ குறைவாக இருப்பதோடு இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருப்பதும் சேர்ந்து வந்தது. அங்கே பிடிவலு உடலின் மொத்த நிலையைக் காட்டும் அடையாளம். கையை மட்டும் தனியாகப் பயிற்றினால் அந்தப் பலன் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. உடம்பு முழுவதையும் பலப்படுத்துகிறவர் கிரிப்பரும் செய்யலாம், கிரிப்பர் மட்டுமே போதும் என்று நினைக்கிறவருக்கு இந்த ஆய்வு துணைக்கு வராது.

எதை வாங்கினாலும் பயன்படுத்தும் முறை ஏறக்குறைய ஒன்றே. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே நூறு முறை அமுக்குவது கையைச் சோர்வுக்குப் பழக்கும், வலுவைப் பெரிதாகக் கூட்டாது. லேசான கிரிப்பரில் சூடேற்றிவிட்டு, நான்கைந்து முறை மட்டுமே மூட முடிகிற ஒன்றில் சில செட் (சுற்று), வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். ஒவ்வொரு ரெப்பிலும் கைப்பிடிகள் ஒன்றையொன்று தொட வேண்டும். அப்புறம், இன்னும் மூட முடியாத கிரிப்பரை இரு கைகளாலும் மூடி, ஒரு கையை எடுத்துவிட்டு, அது திறப்பதை எதிர்த்துப் பிடிக்கும் பயிற்சி ஒன்று உண்டு. அகன்ற படியைத் தாண்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களை இது கடுமையாகப் படுத்தும் என்பதால் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். முழங்கையின் உட்புறம் வலித்தால் நிறுத்திவிடுங்கள், தசையைவிடத் தசைநாண் ஆற நேரம் பிடிக்கும். விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வெளிப்பக்கமாக விரிக்கும் பயிற்சியை ஒவ்வொரு முறையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், மடக்கும் தசைகளை மட்டுமே வளர்த்தால் சமநிலை கெடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி அழுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரே ஸ்பிரிங் கிரிப்பர் இரண்டு. பத்துமுறை மூட முடிகிறது ஒன்று, ஒருமுறைகூட மூட முடியாதது ஒன்று. பலருக்கு டிரெய்னரும் 1-ஆம் எண்ணும் அப்படி அமையும், ஆறு கிரிப்பர் தொகுப்பு எதற்கும் தேவையில்லை. 2-ஆம் எண்ணை மூடிவிட்டுத் தேங்கியவர் அடுத்த எண்ணை வாங்கும் முன் இரட்டை ஸ்பிரிங் சட்டத்தை வாங்கட்டும். வீட்டில் எடைத்தட்டுகள் ஏற்கெனவே இருந்து, இடமும் இருந்து, சான்று எதுவும் வேண்டாம், முன்கையும் விரலும் பலமானால் போதும் என்பவருக்கு எடைத்தட்டுக் கருவி.