நாஸில் காப்பி ஆகவில்லையா? ‘டிஸ்க் போயிடுச்சு’ என்பவரிடம் ஸ்மார்ட் அறிக்கையைக் கேளுங்கள்

வீட்டில் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபைல்கள் காப்பி ஆகாமல் பாதியில் நின்றால், சர்வீஸ் சென்டரில் ‘டிஸ்க் போயிடுச்சு, மாத்தணும்’ என்று சொல்லக்கூடும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைக் கண்ணில் காட்டாமல் அப்படிச் சொன்னால் சாதனத்தைத் திறக்கவே சம்மதிக்காதீர்கள். நான் இழந்ததில் திரும்ப வராத சில பதிவுகளும் உண்டு.

என்னுடையது இரண்டு டிஸ்க் கொண்ட சாதனம். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும் மிரர் அமைப்பு. குடும்பப் படங்கள், வீடியோக்கள், அம்மா பாடிய பாட்டுகளின் ஆடியோ எல்லாம் அதில்தான். கணினியிலிருந்து ஒரு பெரிய ஃபோல்டரை மாற்றும்போது சில ஃபைல்கள் மட்டும் ஏறவில்லை. என்ன காரணம் என்றே புரியாத பிழைச்செய்தி. மீண்டும் முயன்றாலும் அதே ஃபைல்கள்தான் நின்றன. மற்றவை தடையில்லாமல் முழு வேகத்தில் ஏறின.

சாதனத்தை சர்வீஸுக்குக் கொடுத்தேன். உள்ளே இருப்பது எதுவும் அழியக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். “டேட்டா அப்படியே இருக்கும் சார், கவலைப்படாதீங்க” என்றார் அங்கிருந்தவர். பிறகு போனில், “ரெண்டு டிஸ்க்குலயும் பேட் செக்டர் (கெட்டுப்போன பகுதி), புதுசு போட்டாத்தான் ஓடும்” என்றார். போட்டார்கள். வீட்டுக்கு வந்து இணைத்துப் பார்த்தால் சாதனம் காலி.

மிரர் அமைப்பில் டிஸ்க் மாற்றும் முறை தெரிந்தவர் இதைச் செய்யவே மாட்டார். ஒரு டிஸ்க்கை மட்டும் கழற்ற வேண்டும். புதியதை அந்த இடத்தில் போட்டு, மீதி இருப்பதிலிருந்து முழுவதும் நகலாகும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய டிஸ்க் என்றால் ஒரு நாள்கூட ஆகலாம். அது முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் இரண்டையும் ஒன்றாகப் பிடுங்கிப் புதிதாக ஃபார்மேட் செய்திருக்கிறார்கள். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வெளி டிஸ்க்கில் இன்னொரு பிரதி இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. போனிலிருந்து நேராக நாஸில் ஏறிய ஆடியோக்கள் சில போய்விட்டன. அம்மாவின் குரல் அவற்றில்தான் இருந்தது. இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

பழையபடியே குறியாக்கிய (என்க்ரிப்ட் செய்த, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாத) ஃபோல்டரை அமைத்து, பிரதியிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். அதே ஃபைல்கள் அதே இடத்தில் மறுபடி நின்றன! புது டிஸ்க்கிலும் அதே கோளாறு என்றால் அது டிஸ்க்கின் கோளாறே இல்லை. நின்ற ஃபைல்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எல்லாமே நீளமான தமிழ்ப் பெயர்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் அனைவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் பெயரின் நீளத்தை ‘த’, ‘ி’ போன்ற யுனிகோடு குறிகளாக எண்ணுகிறது, 255 வரை இடம் தருகிறது. பெரும்பாலான நாஸ்கள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுபவை. அங்கே பரவலாக உள்ள எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டம்கள் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறைகள்) 255 பைட் என்று எண்ணுகின்றன. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யுனிகோடு தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். அதிலும் நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் ‘தி’ அங்கே இரண்டு குறி, ‘ஸ்ரீ’ நான்கு. ‘திருமணம்’ என்ற சின்னச் சொல்லே 24 பைட் பிடிக்கும். ஃபோல்டரைக் குறியாக்கம் செய்தால் பல சாதனங்களில் இந்த எல்லை இன்னும் சுருங்கி 143 பைட் ஆகிவிடும். அதாவது 47 தமிழ்க் குறிகள், எழுத்துகளாகச் சொன்னால் சுமார் முப்பது. ‘இன்னார் வீட்டுத் திருமண வரவேற்பு, மேடைப் படங்கள், பகுதி இரண்டு’ என்று கணினி மறுக்காமல் ஏற்கும் பெயர் அங்கே நுழையாது. பெயர்களைச் சுருக்கினேன், எல்லாம் ஏறிவிட்டன. சாதனத்தைத் திறக்கவே தேவை இருந்திருக்கவில்லை.

எப்போதும் ஒரே ஃபைல் நிற்கிறதா, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் அறுகிறதா என்பதை முதலில் கவனியுங்கள். ஒரே ஃபைல் என்றால் பெயர், பெயரிலுள்ள கேள்விக்குறி போன்ற குறிகள், அனுமதி, அளவு இவற்றைப் பாருங்கள். நாஸில் செருகிய யுஎஸ்பி டிஸ்க்கில் இருப்பது ஃபேட்32 என்ற பழைய ஃபைல் சிஸ்டம் என்றால் 4 ஜிபி ஃபைல் ஏறாது. கண்ட இடத்தில் அறுந்தால் வைஃபையை விட்டுக் கேபிளில் இணைத்துப் பாருங்கள். கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி அளவுக்கு வர வேண்டியது 11 எம்பியிலேயே நிற்கிறது என்றால், கேபிளில் ஏதோ ஒரு ஜோடிக் கம்பி விட்டுப்போய் இணைப்பு நூறு மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கலாம். கேபிளை மாற்றிப் பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை.

டிஸ்க்கின் நிலையை நாஸின் நிர்வாகப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஸ்மார்ட் பட்டியலில் கெட்ட செக்டர்களைக் கணக்கிடும் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்பு (ரா வேல்யூ) ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டேட்டா கேபிளோ இணைப்பு முனையோதான். மிரரில் ஒரு டிஸ்க் கெட்டால் சாதனம் எச்சரித்துவிட்டு மற்றதை வைத்துத் தொடர்ந்து ஓடும், குறிப்பிட்ட சில ஃபைல்களை மட்டும் தேர்ந்தெடுத்து மறுக்காது. இதை அன்று சர்வீஸ் சென்டர்காரரிடம் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

எனக்குப் போட்ட டிஸ்க்குகளும் புதியவை அல்ல. ஸ்மார்ட்டில் ஓடிய நேரம் சில மணிதான் காட்டியது. ஆனால் திருகு பதியும் இடத்தில் கீறல்கள் இருந்தன. சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று தனியாக ஒரு பதிவு உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளால் அதைப் படிக்கலாம். அதில் இருபதாயிரம் மணியைத் தாண்டியிருந்தது. இரண்டு ஆண்டுக்கும் மேல் இடைவிடாமல் ஓடிய கணக்கு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இதே மோசடி பெரிதாக வெளிவந்தது: ஓடித் தேய்ந்த டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை அழித்துப் புதியது என்று விற்றிருந்தார்கள். இதில் தயாரித்த நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை, எனக்கு விற்றவரைத்தான் சொல்கிறேன். டிஸ்க் வாங்கியதும் இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுவிடுங்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்திலும் போட்டுப் பாருங்கள்.

சர்வீஸுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், டிஸ்க்குகளின் சீரியல் எண்களைப் படம் எடுத்துவைத்து, ‘கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது, கழற்றிய டிஸ்க்குகளைத் திருப்பித் தர வேண்டும்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள்.

என் பழைய டிஸ்க்குகளைக் கேட்டபோது, “ஸ்கிராப்ல போட்டாச்சு சார்” என்றார்கள். அவை கெட்டுப்போனவை என்பதற்கு ஓர் ஆதாரமும் தரவில்லை. கிடைத்தால் அந்த ஆடியோக்களை இன்னும் மீட்க வழி இருக்கும். அதனால் சீரியல் எண்களைக் குறிப்பிட்டு, டிஸ்க்குகளைத் திருப்பித் தாருங்கள் அல்லது அழித்ததற்குச் சான்று கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே பதிகிறேன்.