முதல் அல்டிமீற்றர்: முள்ளா நம்பரா?

பிளேனில இருந்து குதிச்சு பரசூட் குடையில இறங்கிற ஸ்கைடைவிங்கில, எவ்வளவு உயரத்தில இருக்கிறம் எண்டு காட்டுற, கையில கட்டுற சாமான்தான் அல்டிமீற்றர். முள்ளு வச்ச அனலாக்கும் இருக்கு, நம்பர் காட்டுற டிஜிற்றலும் இருக்கு. நான் வாங்கினது முள்ளு வச்சது, அல்டி-2 கம்பனியின்ர கேலக்ஸி. அதால இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முதலே சொல்லிப்போடுறன். கோர்ஸ் படிக்கேக்க ஸ்கூல்காரரே ஒண்டைக் கையில கட்டி விடுவினம், லைசன்ஸ் எடுக்குமட்டும் காசை வீணாக்காதீங்கோ.

விலைக் கதையை கெதியா முடிக்கலாம். புது அனலாக் கிட்டத்தட்ட 200 டொலர். வீசோ, அரீஸ், அட்லஸ் மாதிரி டிஜிற்றல் எண்டா 300ஐத் தாண்டும். டொலர் 300 ரூபா எண்டு வச்சா வித்தியாசம் 30,000 ரூபாக்குக் குறையாது, அந்தக் காசுக்கு பட்டாயாப் பக்கம் ரெண்டு ஜம்ப்பாவது போடலாம்.

டிஜிற்றலுக்கு உள்ள நியாயத்தையும் சொல்லோணும். நிலத்தில நிக்கேக்க அதுவே தன்னை சைபருக்குக் கொண்டுவந்திடும். ஜம்ப் எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கும். குடை விரிஞ்ச பிறகு 1,000, 600, 300 அடியில திரும்பி இறங்கேக்க முள்ளை விட நம்பர்தான் துல்லியம், அதில வாதமே இல்ல. ஆனா நான் டிஜிற்றலை இரவல் வாங்கிக் கட்டிப் பாத்ததோட சரி, சொந்தமா வச்சிருந்து பழகேல்ல, அதால அதைப் பற்றிச் சொல்லுறதை அப்பிடியே நம்பாம கொஞ்சம் யோசிச்சே எடுங்கோ.

மேல இருந்து விழேக்க கதை வேற. வயிறு கீழ பாத்து விழுந்தா மணிக்கு 120 மைல் வேகம், 1,000 அடி போக அஞ்சரை செக்கன்தான். புதுசா குதிக்கிற ஆளுக்கு அந்த நேரம் மூளை நம்பர் வாசிக்காது. கேலக்ஸியில டயல் மணிக்கூடு மாதிரி, ஒரு சுத்து 12,000 அடி, 6,000 எண்டா முள்ளு நேர கீழ, 3,000 எண்டா வலப்பக்கம். வாசிக்கவே தேவையில்ல, முள்ளு எந்தப் பக்கம் நிக்குது எண்டு கண் பட்டாக் காணும். ஒரு விசயம், பிளேனுக்குள்ள 13,000 அடியில பாத்தா முள்ளு ஒரு சுத்து முடிச்சு 1இல நிக்கும், முதல்தரம் பாக்கிற ஆளுக்கு நெஞ்சு திடுக்கிடும், பழகீடும்.

எனக்கு முடிவெடுக்க வச்சது இதொண்டும் இல்ல, அலுமாரிதான். கொழும்பில இருக்கிற எங்களுக்கு வார இறுதியில போய்க் குதிக்க இடம் எங்க இருக்கு? ஆமிக்கும் எயார்ஃபோசுக்கும் சரி, அம்பாறையில அவங்களுக்கு பயிற்சிப் பாடசாலையே இருக்கு. நாங்கள் லீவு, விசா, டிக்கெட் எல்லாம் சேர்ந்து வந்தாத்தான் தாய்லாந்தோ துபாயோ போறது. மிச்ச மாசம் முழுக்க சாமான் வெள்ளவத்தைக் கடல்காத்தில அலுமாரிக்குள்ள கிடக்கும். (ஓடாத மணிக்கூட்டை ஏன்டா பொத்திப் பொத்தி வச்சிருக்கிறாய் எண்டு அம்மா கேட்டவ.)

சார்ஜ் போடுறது எண்டா அப்பிடி மாசக்கணக்கா வெறுமையா கிடந்தா லித்தியம் பற்றரி மெல்ல மெல்லச் சாகும், இடைக்கிடை எடுத்து அரைவாசியாவது சார்ஜ் ஏத்தி வைக்கோணும், அதை ஞாபகம் வச்சுச் செய்யிற ஆக்கள் எத்தினை பேர்? காசுக் குத்தி மாதிரி வட்டப் பற்றரி போடுறது எண்டா எந்த சைஸ் எண்டு வாங்க முதலே பாருங்கோ. 2032 எந்தக் கடையிலயும் கிடைக்கும், வேற சைஸ் எண்டா புறக்கோட்டையில நாலு கடை ஏறி இறங்கோணும், அந்த சைஸ் நம்பரில முதல் ரெண்டு இலக்கம் அகலம், மற்ற ரெண்டும் தடிப்பு, அதால 2325ஐக் கொண்டுபோய் 2032 இருக்கிற இடத்தில திணிக்கேலாது. திருத்திறதுக்கு அனலாக்கோ டிஜிற்றலோ ரெண்டுக்கும் இங்க ஆள் இல்ல, வெளியில அனுப்பித் திரும்பி எடுக்கேக்க கஸ்டம்ஸில நிண்டு விளக்கம் சொல்லோணும். ஆனா முள்ளில பழுதாகிறதுக்கு இருக்கிறதே கொஞ்சம்தான். பற்றரி இல்ல, ஸ்கிரீன் இல்ல.

அதுக்காக முள்ளு தொல்லையே இல்லாதது எண்டு நினைக்காதீங்கோ. காத்தமுக்கத்தை அளக்கிற சாமான், உள்ள காத்து போய் வரத்தான் வேணும், அப்ப புழுக்கமும் சேந்துதான் போகும். காத்துப் புகாத டப்பாவில சிலிக்கா ஜெல்லோட வச்சிருக்கிறன். நிறைய வருசம் போனா இந்தக் கடல்காத்து உள்ளுக்கு என்ன செய்யும் எண்டு சொல்லுற அளவுக்கு நான் இன்னும் வச்சிருக்கேல்ல.

சைபரும் தானா நிக்காது. எங்கட பக்கம் காத்தமுக்கம் ஒவ்வொரு நாளும் காலமை பத்து மணியளவில ஏறி பின்னேரம் நாலு மணிக்கு இறங்கும். காலமை சைபரில வச்சிட்டு பின்னேரம் பாத்தா முள்ளு கோட்டை விட்டு ஒரு மயிரிழை தள்ளி நிக்கும், ஒரு 100 அடி வரும், அதுவும் நீங்கள் நிக்கிற உயரத்தை விடக் கூட்டித்தான் காட்டும். விழேக்க அது அரைச் செக்கன், பெரிசில்ல. 300 அடியில திரும்பேக்க பெரிசு. அதால ஒவ்வொரு ஜம்ப்புக்கு முதலும் குமிழைத் திருகி சைபர் வைக்கிறது கட்டாயம்.

செக்கண்ட் ஹேண்ட் எடுக்கிறதெண்டா முள்ளைச் சோதிக்க பிளேன் தேவையில்ல. உயரமான பிளாட் ஒண்டில லிஃப்டில ஏறி இறங்குங்கோ, முள்ளு இழுபடாம அசையோணும், இறங்கினா பழைய இடத்துக்கு வரோணும். அதை விட நல்லது பதுளை ரயில். கொழும்பு கோட்டையில சைபர் வச்சிட்டு ஏறினா பட்டிப்பொல ஸ்டேசன் 6,200 அடிக்குக் கொஞ்சம் மேல. முள்ளு 5,900 கிட்டக் காட்டினா பயப்படாதீங்கோ. இந்தக் கருவியள் குளிர்நாட்டுக் காத்தைக் கணக்கு வச்சுச் செய்தது, எங்கட சூட்டில உயரத்தைக் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும். ஆனா 4,000இல இறுகி நிண்டா வித்தவரிட்டயே திருப்பிக் குடுங்கோ.

ஹெல்மெட்டுக்குள்ள பீப் அடிக்கிற ஓடிபிள் நல்ல சாமான்தான், ஆனா அது ரெண்டாவதா வாங்கிறது. கையைப் பாக்கிற பழக்கம் வர முதல் காதை நம்பப் பழகினா பிறகு மாத்திறது கஷ்டம்.

வருசத்தில கன நாள் குதிக்கப் போறவர், துபாயில வேலை செய்யிறவர் எண்டா டிஜிற்றலே எடுங்கோ, நான் சொன்ன அலுமாரிக் கதை உங்களுக்கு இல்ல. மற்ற ஆக்கள் முள்ளை எடுக்கேக்க டயல் அடியிலயா மீற்றரிலயா எண்டு ஒருக்காப் பாருங்கோ. யூரோப்பில இருந்து மலிவா வாறது கனக்க மீற்றர், டிஜிற்றலில அதை செட்டிங்கில மாத்தலாம், முள்ளில மாத்தேலாது.