மூன்று வயர் டே-நைட் சென்சார்: வாங்கலாம், ஆனால் எங்கே மாட்டுவீர்கள்?

எலக்ட்ரிக்கல் கடைகளில் 6 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று எழுதி, கீழே மூன்று வயர் தொங்க விற்கிறார்களே, அந்தச் சின்ன டே-நைட் சென்சார் பற்றித்தான் இந்த விமர்சனம். இருட்டினால் கேட் லைட்டைப் போடும், விடிந்தால் அணைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. "மாட்டின மறுநாளே மக்கர்" என்று கடைக்குத் திரும்பி வருகிறவற்றில் பல, பழுதே ஆகாதவை. மாட்டிய இடமோ வயரிங்கோ தப்பாக இருக்கும்.

மேல்மூடியைக் கழற்றினால், பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்த கோடு போட்ட ஒரு சின்ன வில்லை தெரியும். அதுதான் எல்.டி.ஆர்., அதாவது வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் பாகம். காட்மியம் சல்பைடு பூசியது. நல்ல வெளிச்சத்தில் அதன் மின்தடை சில நூறு ஓமிலிருந்து சில கிலோ ஓம் வரைக்கும்தான் இருக்கும். கும்மிருட்டில் ஒரு மெகா ஓமைத் தாண்டிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு டிரான்சிஸ்டர் கவனித்து, ரிலே என்கிற, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை இயக்குகிறது. காட்மியம் சல்பைடு பச்சை ஒளிக்குத்தான் அதிகம் அசைந்துகொடுக்கும், நம் கண்ணும் ஏறக்குறைய அப்படியே. அதனால் நமக்கு "லைட் போடலாமே" என்று தோன்றும் நேரத்தை ஒட்டியே இதுவும் போடுகிறது. ஆனால் ஆள் மந்தம். செல்போன் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதற்கும், டி.வி. ரிமோட்டின் சிக்னலைப் பிடிப்பதற்கும் போட்டோடயோடு என்கிற வேகமான ஒளி உணரி வேண்டும். கேட் லைட்டுக்கு மந்தமே நல்லது. மின்னல் வெட்டினாலும், கார் ஹெட்லைட் ஒரு நொடி மேலே பட்டாலும் லைட் அணையாமல் இருக்க, சர்க்யூட்டிலும் வேண்டுமென்றே சில நொடி தாமதம் வைத்திருக்கிறார்கள்.

முதல் தொல்லை வயர் நிறம். வெளிநாட்டு மாடல்கள் பலவற்றில் கறுப்பு பேஸ் (மின்சாரம் வரும் வயர்), வெள்ளை நியூட்ரல் (திரும்பும் வயர்), சிவப்பு பல்புக்குப் போவது. நம் வீடுகளிலோ காலங்காலமாகச் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். பழக்கத்தில் கையை வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். பேஸும் நியூட்ரலும் இடம் மாறினால் லைட் எரியத்தான் செய்யும். ஆனால் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் பேஸ் நிற்கும். பல்பு மாற்றப் போகிறவருக்கு ஷாக் நிச்சயம், எல்.இ.டி. பல்பு பகலிலும் மங்கலாக மினுங்கலாம். பல்புக்குப் போக வேண்டிய வயரை நேரே நியூட்ரலில் கொடுத்துவிட்டால், ரிலே ஒட்டும் நொடியில் நேர் ஷார்ட். பெட்டியில் அச்சடித்த படத்தைப் பார்த்து, மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே இணையுங்கள்.

இனி இடம். லைட் போட்டதும் அணைகிறது, மறுபடி போடுகிறது, விடிய விடிய இதே கூத்து என்றால், அந்த பல்பின் வெளிச்சமே சென்சார் மேல் விழுகிறது என்று அர்த்தம். நேராக விழ வேண்டியதில்லை. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பினாலே போதும். சென்சார் பல்புக்கு மேலே, வெளிப்பக்கம் வானம் பார்த்து இருக்கட்டும். சன்ஷேடுக்கு அடியில் மறைத்து மாட்டினால் மாலை 5 மணிக்கே லைட் எரியும். வடக்குப் பார்த்து வைத்தால் நேர் வெயில் குறைவு, மூடியும் சீக்கிரம் பழுப்பேறாது. பழுத்த மூடி, தூசி, சிலந்தி வலை எல்லாமே அதற்கு இருட்டுதான். அவ்வப்போது துணியால் துடைத்தாலே நேரம் சரியாகிவிடும். வயர் கீழ்நோக்கி வரட்டும். சுவருக்குள் போகும் முன் ஒரு தொங்கல் விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

சோதிக்க விரலால் மூடாதீர்கள், இடுக்கில் வெளிச்சம் புகும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி ஒரு நிமிடம் பொறுங்கள்.

உண்மையான குறைகள் இரண்டு. ஒன்று, ரிலே. 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1380 வாட் என்று கணக்குப் போட்டு ஃப்ளட் லைட்டுகளை வரிசையாகக் கொடுக்கிறார்கள். எல்.இ.டி. டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், போட்ட கணத்தில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். ரிலேக்குள் தொட்டுப் பிரியும் உலோக முனை (கான்டாக்ட்) பொரிந்து ஒட்டிக்கொள்ளும். பகலிலும் எரிகிற லைட், பெட்டியைத் தட்டினால் அணைகிறதா? அதுதான் கோளாறு. நாலைந்து பல்போடு நிறுத்துங்கள். அதற்கு மேல் என்றால் 230 வோல்ட் காயில் (கம்பிச் சுருள்) உள்ள கான்டாக்டர், அதாவது அதிக கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே ஒன்றைப் போட்டு, சென்சாரை அந்தக் காயிலுக்கு மட்டும் கொடுங்கள்.

இரண்டு, உள்ளே டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஒரு பிலிம் கெப்பாசிட்டர்தான் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. 0.47 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 34 மில்லி ஆம்பியர் விடும். வோல்டேஜ் எகிறி எகிறி அதன் மதிப்பு சுருங்கும்போது ரிலேக்குப் பலம் போதாமல் 'டிக் டிக்' என்று துடிக்கும். அதே மதிப்பில், ஏ.சி. 275 வோல்ட் எக்ஸ்2 ரகம் (மெயின் சப்ளையில் நேராக இணைக்கத் தகுந்தது) போட்டால் பெரும்பாலும் உயிர் வரும். ஆனால் சப்ளை இருக்கும்போது போர்டின் எந்தப் புள்ளியிலும் ஷாக் அடிக்கும். சால்டரிங் தெரியாதவர்கள் புதிதே வாங்கிவிடுவது மேல்.

மின்சாரம் மிச்சமாகும் என்று விளம்பரம் செய்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 9 வாட் பல்பு ஒன்று தினமும் பகல் 12 மணி நேரம் வீணாக எரிந்தாலும், நம் இரண்டு மாத பில்லில் ஆறரை யூனிட் சொச்சம்தான். ஊருக்குப் போயிருக்கும்போதும் வாசலில் விளக்கு எரியும் என்பதற்காக வாங்கலாம்.

பல்புக்குள்ளேயே சென்சார் வைத்த ரகமும் வருகிறது. வாடகை வீட்டுக்குச் சௌகரியம், வயரிங் வேலையே இல்லை. கண்ணாடி உருண்டைக்குள் மட்டும் போடாதீர்கள். தன் வெளிச்சம் தன்மேலேயே திரும்பி விழுந்து சிமிட்டும். இரண்டில் எது போனாலும் இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் சொந்த வீட்டுக்கு மூன்று வயர் ரகமே. கடையில் கையிலெடுத்ததும் வயரின் தடிமனைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்று எழுதிவிட்டு நூல் மாதிரி வயர் விட்டிருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள்.