அம்பாசமுத்திரத்து மொட்டை மாடியில் ஒரு டிஷ் பின்

இந்த ஐப்பசியில் சிங்கப்பூரிலிருந்து அம்பாசமுத்திரத்து வீட்டிற்கு வந்திருந்தபோது, மழை தொடங்கியதிலிருந்தே அம்மாவின் தொலைக்காட்சியில் பாதிச் சேனல்கள் தெரியவில்லை. டிஷ் நிறுவனத்துக்குத் தகவல் சொன்ன அன்று மாலையே ஆள் வந்ததை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவர் பிளேடால் வயரை உரித்து, வயர் நுனியில் மாட்டும் இணைப்பானான திருகு பின்னைக் கையால் முறுக்கிவிட்டு ஐந்தே நிமிடத்தில் இறங்கினார்; மூன்றாம் நாள் பழைய கதைதான்.

மாடிக்குச் சென்று பின்னைக் கழற்றினேன். உள்ளே ஈரம் இறங்கி, வயரின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் அலுமினியக் கம்பிவலை வெண்பொடியாகியிருந்தது. செட்டாப் பாக்ஸ் இதே வயர் வழியாகத்தான் டிஷ்ஷின் எல்.என்.பி.க்கு (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் கருவி) 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி, எந்த வரிசைச் சேனல்கள் வேண்டும் என்பதைத் தெரிவிக்கிறது. இணைப்பு கெட்டு 18 வோல்ட் வழியில் குறைந்துபோனால், அந்த வரிசை முழுவதும் மறைந்துவிடும்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஆர்ஜி 6 என்னும் டிஷ் வயர் வகைக்குரிய, அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் பின்களும் அழுத்தும் கருவியும் வாங்கி வந்து, அதே ஊழியரை மறுபடி அழைத்தேன். "இந்தக் கருவியை எங்க கைக்காசுலதான் வாங்கணும், அண்ணாச்சி" என்றார் அவர். வேகமாக வேலை முடிக்கச் சொல்லும் நிறுவனம் கருவியையும் கொடுப்பதுதான் நியாயம்.

இருவரும் சேர்ந்தே செய்தோம். கெட்டுப்போன நுனியை நல்ல வயர் தெரியும் வரை வெட்டி, நடுக்கம்பி 6 மி.மீ., அதையடுத்து வெள்ளை நுரை 6 மி.மீ. தெரியுமாறு உரித்து, வலையை மேலுறையின்மீது பின்னோக்கி மடக்கினோம். நுரையோடு ஒட்டிய அலுமினியத் தாளை அப்படியே விட்டோம். வலையின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய எஃகு. உயர் அலைவரிசை அந்தச் செம்புத் தோலில்தான் ஓடுகிறது என்பதால், பிளேடு அதைக் கீறவே கூடாது. நுரை பின்னின் உள்தளத்தோடு சமமாகும் வரை வயரைச் செலுத்தி, நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே 2 மி.மீ. அளவு நீண்டிருப்பதைப் பார்த்த பிறகே கருவியால் அழுத்தினோம்.

எல்.என்.பி.க்கு அருகே வயரை நேராக இழுத்துக் கட்டாமல் கீழே வளைத்து விட்டிருக்கிறோம். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பின்னுக்குள் ஏறாது.