போர் தண்ணிக்கு டி.டி.எஸ். பேனா மீட்டர்: எதுவரைக்கும் நம்பலாம்?

ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் போட்ட வீடுகளுக்கு, தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை (டி.டி.எஸ்.) காட்டும் பேனா மீட்டர் உதவுமா என்றால், உதவும். சில நூறு ரூபாய்க்கு நல்ல கருவிதான். ஆனால் அது காட்டும் எண் எந்த வகைத் தகவல் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

“தண்ணி கரிக்குது” என்பது நாக்கு சொல்வது; ஆளுக்கு ஆள் மாறும். மீட்டர் தருவது எண். போன மாதத்தோடு ஒப்பிடலாம். ஆனால் உப்பை அது நேராக அளப்பதில்லை. முனையிலுள்ள இரண்டு கம்பிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, ஏறக்குறைய 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஒரே குடத்துத் தண்ணீருக்கு இரண்டு கம்பெனி மீட்டர் இரண்டு விடை சொல்வது இதனால்தான். இரண்டும் பழுதில்லை. கணக்கு வேறு.

பலர் கோட்டைவிடுவது திரை ஓரத்தில் மினுங்கும் ‘×10’ குறியில். 142 என்று படித்து, ஆத்துத் தண்ணி மாதிரி இருக்கே என்று நிம்மதியானால், உண்மையில் அது 1420. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில்தான் 2000 வரை.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். முனையை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசி, கோடு வரை முக்கி, குமிழ் போகத் தட்டி, எண் நிலைத்தபின் படியுங்கள். மாடித் தொட்டியில் வெயிலில் சுட்ட தண்ணீர் வேண்டாம்: ஒரு டிகிரி சூடு ஏறினால் மின்கடத்தல் சுமார் 2 சதவீதம் ஏறும். கம்பியில் வெள்ளைப் படிவு கண்டால் வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவையுங்கள். 342 பி.பி.எம். (தண்ணீரில் இது லிட்டருக்கு மில்லிகிராம் என்பதே) என்று அச்சிட்ட உப்புக் கரைசல் ஒரு பாட்டில் சேர்த்து வாங்கி, அவ்வப்போது சரிபாருங்கள்.

ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி எதையும் இது தனியாகச் சொல்லாது. 150 காட்டும் தண்ணீரிலும் சாக்கடை கலந்திருக்கலாம். அதற்கு ஆய்வகம்தான். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். முத்திரை மட்டும் போதாது. நீங்கள் கேட்கும் சோதனை அவர்கள் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சோதனை முறை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொண்டுபோனால், வரும் முடிவு உங்கள் கிணற்றைப் பற்றியதா பாட்டிலைப் பற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

வீடு தேடி வந்து தண்ணீரில் இரும்புக் கம்பி விட்டு, மின்சாரம் கொடுத்து, செம்பழுப்புக் கலங்கலைக் காட்டி ஆர்.ஓ. மெஷின் விற்பவரை நம்பவே வேண்டாம். அந்த நிறம் கம்பி கரைந்து வந்த துரு. தெளிந்த தாமிரபரணித் தண்ணீரும் அப்படித்தான் கலங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கலங்குவதில்லை.

மீட்டர் வாங்கும்போது அட்டையில் ஏ.டி.சி. என்று இருக்கிறதா பாருங்கள். வெப்பத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும். மே மாதம் ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து ஒன்று என்று தேதியோடு எழுதிவைத்தால், கிணறு எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு வருடத்தில் பிடிபட்டுவிடும்.